வந்து மறையும் வாதம்

"கை சற்றே மரத்தது, நா குழறியது, கால் நாழிகையில் எல்லாம் சரியாகிவிட்டது" என்று எங்கள் இலஞ்சியில் முதியோர் சிலர் சொல்ல நான் கேட்டதுண்டு. வந்த துன்பம் தானே அகன்றதென மகிழ்வது மனித இயல்பே. ஆயினும் அம்மகிழ்ச்சி எத்துணை இடர் உடையது என்பதை மருத்துவ உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது.

கனடா நாட்டு மருத்துவர் மில்லர் ஃபிஷர், பக்கவாதத்தால் வீழ்ந்தோரிடம், வீழுமுன் நிகழ்ந்தது யாதெனப் பொறுமையுடன் வினவினார். ஒரு கண் சில நிமிடம் இருண்டது என்றும், ஒரு கை தளர்ந்து மீண்டது என்றும் விடை வந்தது. உயிர் நீத்தோரின் கழுத்தை ஆராய்ந்து, மூளைக்குக் குருதி செலுத்தும் பெருங்குழாய் அடைபட்டிருக்கக் கண்டார். 1951இல் இதனை வெளியிட்டார். அதன்பின் மருத்துவர் பலரும் மூளையோடு கழுத்தையும் நோக்கலாயினர்.

1954இல் இலண்டனில் 66 வயது மாது ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். 30க்கும் மேற்பட்ட முறை இத்தகைய தாக்குதல் அவருக்கு வந்து மறைந்திருந்தது. கழுத்துக் குழாயில் நோயுற்ற பகுதியை நீக்கி, முனைகளை மருத்துவர் இணைத்தனர், தாக்குதல்கள் நின்றன.

தாக்குதல் தானே மறைவதேன்? பெரும்பாலும் சிறு குருதிக்கட்டி ஒன்று குழாயை அடைத்துப் பின் கரைந்துவிடுகிறது. அடுத்து வருவது கரையாமலும் போகலாம். அதற்கு நாள் கடத்தலாகாது என்பதை 2007இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு தெளிவாக்கியது. சிறு தாக்குதல் கண்டவர்க்கு உடனே மருத்துவம் தொடங்கியதால், மூன்று மாதத்துள் மீண்டும் பக்கவாதம் கண்டோர் தொகை 100க்கு 10 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது.

குற்றாலத்தில் நீராடுவோர், அருவி நிறம் மாறிச் சருகும் சுள்ளியும் வரக் கண்டால், மலைமேல் பெருமழை பெய்தமை உணர்ந்து விலகுவர். நீர் தெளியட்டும் என்று அங்கேயே நிற்பதில்லை. உடலின் எச்சரிக்கையையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும்.

முகம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், அவை நீங்கிய பின்னரும் அன்றே, அப்பொழுதே, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். ஆஸ்பிரினைத் தாமே விழுங்குதல் தகாது. மூளையில் குருதிக்கசிவு இருப்பின் அது கேடு செய்யும். பின்னர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி, புகையை விட்டொழித்து, மருத்துவர் தந்த மருந்தை இடைவிடாது உண்ணுங்கள். நலமாயிருக்கிறோம் என்று மருந்தை நிறுத்துவோர் மீண்டும் இடருக்கு ஆளாகக்கூடும்.