தொழிற்சாலைக்கு முன்னால் சென்ற பட்டறை: எம்.ஜி.பி. வி8 காரின் வரலாறு குறித்து

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றிலிருந்து அதற்குரிய சிறிய எஞ்சினை இறக்கிவிட்டுப் பெரிய எஞ்சினை ஏற்றும் வழக்கத்தை, வேகப்பித்துக் கொண்டவர்களின் பொழுதுபோக்கு என்றே பெரும்பாலும் எழுதிவருகிறார்கள். தொழில்நுட்ப வரலாறு பயில்வோரும் இதை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவமே மூலம், பட்டறையில் மாற்றப்பட்டது அதன் திரிபு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எம்.ஜி.பி. காரின் வரலாறு இந்த எண்ணத்துக்கு இசைந்து வருவதில்லை. அங்கே பட்டறை முன்னே சென்றது, தொழிற்சாலை பின்தொடர்ந்தது.

ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்னும் சிற்றூரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலை 1962இல் இந்தக் காரை வெளியிட்டது. நான்கு சிலிண்டர்கள், 1798 சி.சி., வார்ப்பிரும்பாலான எஞ்சின், ஏறத்தாழ 95 குதிரைத்திறன். இந்த எஞ்சின் நமக்கு அந்நியமானதன்று. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சி.சி. எஞ்சின் இதே 'பி' வரிசையைச் சேர்ந்தது. நம் டாக்சிகளும் ஆங்கிலேய இளைஞர்களின் ஸ்போர்ட்ஸ் கார்களும் ஒரே குடும்பத்து இதயத்தால் ஓடின என்பதை நினைத்தால், எம்.ஜி.பி. ஏன் சற்று மந்தமான கார் என்று பெயரெடுத்தது என்பதும் விளங்கும்.

வேகம் போதவில்லை என்பதை நிறுவனமும் உணர்ந்தே இருந்தது. 1967இல் அது கண்ட விடை எம்.ஜி.சி.: அதே உடலில் 2912 சி.சி. கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். அந்த எஞ்சின் நீளமானது. பழையதைவிட ஏறத்தாழ 95 கிலோ கூடுதல் எடையுள்ளது. அதற்கு இடம் செய்ய முன்புற சஸ்பென்ஷன் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. பானட்டில் ஒரு புடைப்பும் வந்தது. மூக்கு கனத்த அந்தக் கார் வளைவுகளில் திரும்ப மறுக்கிறது என்று மோட்டார் இதழ்கள் குறை கூறின. 1969இல் அதன் உற்பத்தி நின்றது. பெரிய எஞ்சின் என்றால் கனத்த எஞ்சின் என்ற சமன்பாட்டைத் தாண்டி அப்போது அந்நிறுவனம் சிந்திக்கவில்லை.

அந்தச் சமன்பாட்டை முறிக்கக்கூடிய எஞ்சின் அட்லாண்டிக்குக்கு அப்பால் ஏற்கெனவே பிறந்து, கைவிடப்பட்டும் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் பிரிவு தன் 1961ஆம் ஆண்டு மாடல்களுக்காக 3.5 லிட்டர் வி8 எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. நான்கு நான்காக இரு சாய்வு வரிசைகளில் எட்டு சிலிண்டர்கள். உடலும் தலையும் அலுமினிய வார்ப்பு. எடை 150 கிலோவுக்கும் குறைவு. ஆனால் வார்ப்புகளில் நுண்துளைகள் விழுந்தன, குளிர்நீரில் கலந்த இரசாயனங்கள் அலுமினியத்தோடு ஒத்துப்போகாமல் ரேடியேட்டர்கள் அடைத்துக்கொண்டன, செலவும் மிகுதி. இதற்கிடையே மெல்லிய சுவர் கொண்ட வார்ப்பிரும்பு எஞ்சின்களைச் செய்யும் நுட்பம் முன்னேறிவிட்டது. 1963 மாடலோடு ப்யூக் அதைக் கைவிட்டது.

ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், படகு எஞ்சின் தயாரிக்கும் மெர்க்குரி மரைன் நிறுவனத்துக்கு வேறொரு வணிக வேலையாகச் சென்றபோது, அங்கே பட்டறைத் தரையில் கிடந்த இந்த எஞ்சினைக் கண்டார் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் ரோவரின் விற்பனைப் பொறுப்பிலிருந்த ப்ரூஸ் மக்வில்லியம்ஸ், அமெரிக்க வி8 ஒன்றைப் பெறுமாறு அதற்கு முன்பே வலியுறுத்திவந்தார். தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கே அந்த எஞ்சின் தென்பட்டது என்று கொள்வதே பொருத்தம். 1965இல் உரிமம் கைமாறியது. 1967 முதல் ரோவரின் பெரிய கார்களிலும், 1970இல் ரேஞ்ச் ரோவரிலும் அது ஏறியது.

1968இல் நடந்த பெரும் இணைப்பால் எம்.ஜி., ரோவர், ட்ரையம்ப் மூன்றும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. மந்தமான ஸ்போர்ட்ஸ் காரும் அதற்கு ஏற்ற எடைகுறைந்த எஞ்சினும் இப்போது ஒரே முதலாளிக்குச் சொந்தம். ஆயினும் இரண்டையும் முதலில் சேர்த்துவைத்தவர் அந்நிறுவனத்தின் ஊழியர் எவரும் அல்லர். மினி கார்களைப் பந்தயத்தில் ஓட்டிய கென் காஸ்டெல்லோ என்பவர் தம் சிறு பட்டறையில் இந்த அலுமினிய வி8ஐ எம்.ஜி.பி.யில் பொருத்தினார். புதிய எஞ்சினின் எடை பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட நிகராக இருந்ததால் காரின் சமநிலை கெடவில்லை, எம்.ஜி.சி. செய்ய முடியாததை இது செய்தது. கார்புரேட்டர்கள் எஞ்சினின் உச்சியில் நின்றமையால் அவர் பானட்டில் ஒரு புடைப்பு வைக்க நேர்ந்தது. அதுவே அவரது கார்களின் அடையாளமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அவற்றை விற்கவும் தொடங்கினார். மோட்டார் இதழ்கள் ஓட்டிப் பார்த்து எழுதின. பிரிட்டிஷ் லேலண்ட் நிர்வாகமே அவரது காரை வரவழைத்துப் பார்வையிட்டது.

அதன் பிறகே அபிங்டன் பொறியாளர்களுக்கு உத்தரவு வந்தது. அவர்கள் வேலையை நுட்பமாகவே செய்தார்கள் என்பதை மறுக்கலாகாது. உறிஞ்சு குழாய்களைப் புதிதாக வடிவமைத்துக் கார்புரேட்டர்களைப் பின்னோக்கித் தள்ளினார்கள். பானட் தட்டையாகவே மூடியது. 1973 ஆகஸ்டில் எம்.ஜி.பி. ஜி.டி. வி8 வெளிவந்தது: 137 குதிரைத்திறன், மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர், விலை 2,294 பவுன். இரண்டே மாதங்களில் அக்டோபர்ப் போர் மூண்டது. எண்ணெய் விலை ஏறியது. எஞ்சினின் தாயகமான அமெரிக்காவில் இந்தக் கார் விற்கப்படவே இல்லை. இடப்புற ஸ்டியரிங்குடன் சோதனைக்காகச் செய்யப்பட்டவை ஏழு மட்டுமே. 1976இல் நின்றபோது மொத்த எண்ணிக்கை 2,591.

தோல்விக்கு எண்ணெயை மட்டும் காரணமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அதே நிறுவனத்துக்குள் ட்ரையம்ப் பிரிவு ஸ்டாக் என்ற காருக்காகத் தனக்கென 2997 சி.சி. வி8 ஒன்றைத் தனியே உருவாக்கி 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நன்கு தேறிய ரோவர் எஞ்சின் அருகிலிருக்க, இரும்பு உடலும் அலுமினியத் தலையும் கொண்ட அந்தப் புதிய எஞ்சின் சூடேறிப் பழுதாவதற்கே பெயர்பெற்றது. நீர் பம்ப் இரு வரிசைகளுக்கும் நடுவே உயரத்தில் இருந்தது. நீர்மட்டம் சற்றுக் குறைந்தாலும் சுழற்சி நின்றுவிடும். ரோவர் எஞ்சின் ஸ்டாக்கில் பொருந்தாது என்பது அக்காலத்தில் கூறப்பட்ட சமாதானம். பின்னாளில் உரிமையாளர்கள் பலர் ட்ரையம்ப் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே ரோவர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். பொருந்தாமல் இருந்தது எஞ்சினா, இரு பிரிவுகளின் நிர்வாகமா என்பதற்கு அந்தக் கார்களே சான்று. இணைப்பு ஒப்பந்தத்தில் ஒன்றான நிறுவனம் வரைபட மேசையில் ஒன்றாகவில்லை. பட்டறைக்காரருக்கோ பிரிவுப் பாசம் இல்லை. கிடைக்கும் எஞ்சின்கள் யாவும் அவருக்கு ஒரே கிடங்குச் சரக்கு.

இப்போது ஸ்டாக் உரிமையாளர்களிடையே போக்கு மாறிவிட்டது. ரோவர் எஞ்சினை இறக்கிவிட்டு மூல எஞ்சினைத் தேடிப் பொருத்துகிறார்கள். பதிவேட்டு எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போகும் காருக்கே விலை அதிகம். உரிமையாளரின் விருப்பத்தைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆவணம் அழிகிறது என்பதை வரலாற்றாளர் கவனிக்க வேண்டும். 2,591 என்ற எண் தொழிற்சாலை ஏட்டில் துல்லியமாக நிற்கிறது. வீட்டுக் கொட்டகைகளிலும் சிறு பட்டறைகளிலும் எஞ்சின் மாற்றப்பட்ட எம்.ஜி.பி.க்களுக்கு அப்படியோர் ஏடு இல்லை. அந்தக் கார்களே ஏடு.

அவற்றைப் படிக்கவும் முடியும். 1974 இலையுதிர் காலத்தில் கறுப்பு ரப்பர் பம்பர்களோடு வந்த எம்.ஜி.பி.க்களில், வி8க்காக மாற்றிய உட்புறத் தகடுகளையே நான்கு சிலிண்டர் கார்களுக்கும் தொழிற்சாலை பயன்படுத்தியது. இருவகை உடல்களைத் தனித்தனியே செய்வதைத் தவிர்க்கும் ஏற்பாடாக இருக்க வேண்டும். வி8 விற்பனை நின்ற பிறகும் அந்த இடம் ஆயிரக்கணக்கான கார்களில் காலியாகக் காத்திருந்தது. பம்பரின் தோற்றத்தைப் பழித்தவர்களே, எஞ்சின் மாற்றுவதற்கு அந்தக் கார்களைத் தேடி வாங்கினார்கள். 1992இல் ரோவர் நிறுவனமும் ஆர்.வி8 என்ற பெயரில் அதே எஞ்சினின் 3.9 லிட்டர் வடிவைத் திறந்த எம்.ஜி.பி. உடலில் ஏற்றி ஏறத்தாழ 2,000 கார்கள் செய்தது. பெரும்பகுதி ஜப்பானுக்குச் சென்றது. திறந்த உடலில் இந்த எஞ்சினைக் காஸ்டெல்லோ இருபது ஆண்டுகளுக்கு முன்பே பொருத்திக் காட்டியிருந்தார்.

ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு சொல். அம்பாசடரிலும் 1990களின் தொடக்கத்தில் நிறுவனமே 1.8 லிட்டர் இசுசு எஞ்சினை ஏற்றியது. அதற்கு வெகு முன்பே நம் நகரங்களின் பட்டறைகள் பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டிருந்தன. அங்கே நோக்கம் வேகமன்று, எரிபொருள் செலவு. மோட்டார் வாகனச் சட்டப்படி எஞ்சின் மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் குறித்தாக வேண்டும். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் பழைய ஏடுகளில் இந்த வரலாற்றின் ஒரு பகுதியேனும் கிடக்கக்கூடும். அந்த வேலையைச் செய்த மெக்கானிக்குகள் சிலரேனும் இன்னும் நம்மிடையே இருப்பார்கள். ஏடுகள் கழிக்கப்படுவதற்கு முன், யாரேனும் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு தொடங்கினால் நன்று.