கூட்டாஞ்சோறு

கூட்டாஞ்சோறு என்பது அரிசி, துவரம் பருப்பு, பலவகைக் காய்கறிகள், கீரை ஆகியவற்றைப் புளி, அரைத்த தேங்காய் மசாலா ஆகியவற்றுடன் ஒரே பாத்திரத்தில் வேகவைத்துச் செய்யப்படும் உணவாகும். இது தமிழ்நாட்டின் திருநெல்வேலி வட்டாரச் சமையலுக்குப் பெயர்பெற்றது. சாம்பார் சாதத்தில் சோறும் குழம்பும் தனித்தனியே சமைக்கப்பட்டுப் பின்னர் கலக்கப்படுவதுண்டு. கூட்டாஞ்சோற்றில் அரிசி மசாலாவுடனேயே வேகிறது.

பெயர்

பல பொருட்களைக் கூட்டி ஆக்கும் சோறு என்பதால் இப்பெயர் பொருந்துகிறது. சிறுவர்கள் தத்தம் வீடுகளிலிருந்து அரிசி, பருப்பு, காய் முதலியவற்றைக் கொண்டுவந்து, ஒன்றாகச் சமைத்துப் பகிர்ந்து உண்ணும் விளையாட்டும் கூட்டாஞ்சோறு என்றே அழைக்கப்படுகிறது.

தேவையான பொருட்கள் (3 அல்லது 4 பேருக்கு)

* அரிசி - 1 கோப்பை
* துவரம் பருப்பு - 1/2 கோப்பை
* நறுக்கிய காய்கறிகள் (முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய் முதலியன) - 2 கோப்பை
* முருங்கைக்கீரை - 1 கைப்பிடி
* புளி - நெல்லிக்காய் அளவு
* மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு - தேவையான அளவு
* அரைக்க: தேங்காய்த் துருவல் 1/2 கோப்பை, சீரகம் 1 தேக்கரண்டி, வற்றல் மிளகாய் 5, சின்ன வெங்காயம் 6
* தாளிக்க: நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம் பருப்பு, கறிவேப்பிலை, வெங்காய வடகம்

செய்முறை

பருப்பை மஞ்சள்தூளுடன் 5 அல்லது 6 கோப்பை நீரில் அரைவேக்காடாக வேகவைக்க வேண்டும். பின்னர் அரிசியையும், வேகச் சற்று நேரமெடுக்கும் முருங்கைக்காய், வாழைக்காய், அவரைக்காய் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கத்தரிக்காய் போன்று விரைவில் குழையும் காய்களைச் சற்றுப் பின்னர் சேர்க்கலாம். பருப்பு மலர்ந்து, அரிசி முக்கால் பதம் வெந்ததும் புளிக்கரைசல், உப்பு, அரைத்த விழுது, பெருங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து, மெல்லிய தீயில் அடிப்பிடிக்காமல் கிளற வேண்டும். நீர் குறைந்தால் வெந்நீர் ஊற்றலாம். கீரையைக் கடைசியில் இட்டு, அது வெந்ததும் இறக்கித் தாளித்துக் கொட்ட வேண்டும்.

புளியின் அமிலம் பருப்பும் காய்களும் மென்மையாவதைத் தாமதப்படுத்தும். புளி பின்னர் சேர்க்கப்படுவதற்கு இதுவே காரணம். பிரஷர் குக்கரில் வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகை செல்சியசு வரை உயர்வதால், எல்லாவற்றையும் ஒன்றாக இட்டும் சமைக்க முடிகிறது.

மாற்றங்கள்

கூட்டாஞ்சோற்றுக்குக் குறிப்பிட்ட காய்கள்தாம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டில் சிறிது சிறிதாக எஞ்சியுள்ள காய்களையும் பயன்படுத்தலாம். எனினும் ஒரு பொருளை மாற்றும்போது அதற்கேற்ப மற்றவற்றையும் மாற்ற வேண்டும்.

* சுரைக்காய், பூசணிக்காய் ஆகியன நீர் விடுவதால் ஊற்றும் நீரைக் குறைக்க வேண்டும்.
* மாங்காய் சேர்த்தால் புளியைக் குறைக்க வேண்டும்.
* சாமை, குதிரைவாலி போன்ற சிறுதானியங்கள் விரைவில் வெந்துவிடும். எனவே பருப்பு நன்கு வெந்த பின்னரே அவற்றைச் சேர்க்க வேண்டும்.
* பாகற்காயின் கசப்பும் பீட்ரூட்டின் நிறமும் சோறு முழுவதும் பரவக்கூடியவை.

உணவுச் சத்து

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியிலிருந்து கிடைக்கிறது. இவ்வாறு ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. முருங்கைக்கீரை சுண்ணாம்புச் சத்தையும் இரும்புச் சத்தையும் தருகிறது. எனவே தனியே குழம்போ பொரியலோ இல்லாமலே இது ஒரு முழு உணவாக அமைகிறது.

பரிமாறுதல்

அப்பளம், வற்றல் ஆகியவற்றுடன் சூடாகப் பரிமாறப்படுகிறது. ஆறினால் இறுகும் என்பதால் சற்றுத் தளர்ந்த பதத்திலேயே இறக்குவது நல்லது. தேங்காய் சேர்வதால் விரைவில் கெட்டுவிடும். சமைத்த அன்றே உண்ண வேண்டும்.

ஒத்த உணவுகள்

கருநாடகத்தின் பிசிபேளேபாத்திலும் அரிசி, துவரம் பருப்பு, காய்கறி, புளி ஆகியன உண்டு. ஆனால் அதில் வறுத்துப் பொடித்த மசாலா பயன்படுகிறது. வட இந்தியாவின் கிச்சடி பெரும்பாலும் பாசிப் பருப்புடன், புளியின்றிச் செய்யப்படுகிறது.