எஸ்தோனியாவின் தகவல் தொழில்நுட்பச் சந்தை: வரலாறும் வளர்ச்சி வாய்ப்பும்

பால்டிக் கடலின் கிழக்குக் கரையிலுள்ள எஸ்தோனியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இவ்வளவு சிறிய நாட்டில் கணினிக்கும் மென்பொருளுக்கும் கிடைக்கும் உள்நாட்டு விற்பனை பெரிதாக இருக்க வழியில்லை. ஆயினும் ஸ்கைப், வைஸ், போல்ட் முதலிய நிறுவனங்கள் இங்கே உருப்பெற்றன. ஆகவே இந்நாட்டின் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியை மதிப்பிடுவோர் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போட வேண்டும். நாட்டுக்குள் செலவாகும் பணம் ஒன்று. இங்குள்ளோர் உருவாக்கி உலகத்துக்கு விற்பது மற்றொன்று. வருவாயில் இரண்டாவதே பெரிது. ஆனால் முதலாவது இல்லையேல் அது பிறந்திருக்காது. குறிப்பாக, அரசே முதல் வாடிக்கையாளராக முன்வந்திராவிட்டால் பிறந்திருக்காது.

சோவியத் கால வேர்கள்

1960-இல் தாலின் நகரில் சைபர்நெட்டிக்ஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் கணிப்பொறி ஆய்வில் அதற்கு மதிப்பான இடம் இருந்தது. அதன் வடிவமைப்புப் பிரிவு 1980-களில் 'யூக்கு' என்ற பள்ளிக் கணினியை உருவாக்கியது. நார்வா நகர ஆலையில் அது தொடர் உற்பத்திக்கு வந்தபோது 1988 ஆகிவிட்டது. மேற்கத்திய கணினிகள் அதைவிட வெகுதூரம் முன்னேறியிருந்தன. இயந்திரம் வழக்கொழிந்தது. அதைச் செய்தவர்களின் அறிவு வீண்போகவில்லை. அந்த ஆய்வு நிறுவனத்தின் வழித்தோன்றலாக 1997-இல் அமைந்த சைபர்நெட்டிகா என்ற நிறுவனமே பின்னர் நாட்டின் மின்னாளுகைக்கு அடித்தளம் அமைத்துத் தந்தது.

புலிப்பாய்ச்சல்

1991 ஆகஸ்ட் 20 அன்று எஸ்தோனியா விடுதலையை மீட்டது. கருவூலம் காலி, பழைய தொலைபேசி வலையமைப்போ மாஸ்கோவை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. 1992-இல் 32 வயதில் பிரதமரான மார்ட் லார் அந்நாட்களைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்: பின்லாந்து தன் பழைய அனலாக் தொலைபேசி இணைப்பகத்தை இலவசமாகத் தர முன்வந்தது, எஸ்தோனியா மறுத்து, நேராக டிஜிட்டல் அமைப்புக்கே போனது. ஏழை நாடு இலவசத்தை மறுப்பது எளிய முடிவன்று. பின்வந்த பல முடிவுகளிலும் இதே துணிவைக் காணலாம்.

அப்போது அமெரிக்காவில் தூதராக இருந்த தூமாஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ், நியூ ஜெர்சியில் வளர்ந்து பள்ளியிலேயே நிரல் எழுதப் பழகியவர். எல்லாப் பள்ளிகளுக்கும் கணினியும் இணையமும் தர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கல்வி அமைச்சர் யாக் ஆவிக்சோ அதை ஏற்றார். குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரி 1996 பிப்ரவரியில் 'புலிப்பாய்ச்சல்' என்ற திட்டமாக அதை நாட்டுக்கு அறிவித்தார். சில ஆண்டுகளிலேயே பள்ளிகள் அனைத்தும் இணையத்தில் இணைந்தன. அதே 1996-இல் வங்கிகளும் இணையச் சேவையைத் தொடங்கின. கிளைகள் குறைந்த நாட்டில் மக்கள் அதை விரைவில் பற்றிக்கொண்டார்கள்.

அரசு என்னும் வாடிக்கையாளர்

இந்த வரலாற்றின் மையம் 2000 முதல் 2002 வரையிலான மூன்று ஆண்டுகள்தான். 2000-இல் மின்னொப்பத்தைக் கையொப்பத்துக்கு இணையாக்கும் சட்டம் வந்தது. வருமான வரிக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்யும் வசதியும் வந்தது. 2001 இறுதியில் 'எக்ஸ்-டீ' என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு இயங்கத் தொடங்கியது. 2002-இல் மின்னணு அடையாள அட்டை விநியோகம் ஆரம்பமானது.

எக்ஸ்-டீயின் கட்டமைப்பைச் சற்று விளக்க வேண்டும். எல்லாத் தகவல்களையும் ஒரே இடத்தில் குவிக்கும் தரவுத்தளம் அன்று இது. மக்கள்தொகைப் பதிவேடு, வரித்துறை, மருத்துவமனை, காவல்துறை என ஒவ்வோர் அமைப்பும் தன் தரவைத் தானே வைத்துக்கொள்கிறது. ஒன்று மற்றொன்றிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் மறையாக்கப்பட்டு, ஒப்பமிடப்பட்டு, நேரமுத்திரையோடு செல்கிறது. ஒருமுறை அரசிடம் கொடுத்த தகவலை மறுபடி குடிமக்களிடம் கேட்கக் கூடாது என்பது கொள்கை. தன் தகவலை எந்த அதிகாரி பார்த்தார் என்பதைக் குடிமகன் திரும்பிப் பார்க்கலாம். பெரிய தரவு மையம் கட்டப் பணம் இல்லாததால் பிறந்த சிக்கனமான வடிவம் இது. பாதுகாப்புக்கும் இதுவே உதவியது: ஓரிடத்தை உடைத்தால் எல்லாம் பறிபோகும் என்ற ஆபத்து இல்லை. பின்லாந்தும் இதே தொழில்நுட்பத்தை ஏற்க, அதைப் பேணுவதற்கு 2017-இல் இரு நாடுகளும் கூட்டாக ஓர் அமைப்பை நிறுவின.

அடையாள அட்டையைத் தொடக்கத்தில் மக்கள் அதிகம் பயன்படுத்தவில்லை. இரண்டு வங்கிகளும் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்து 2001-இல் சான்றளிப்பு நிறுவனம் ஒன்றை அமைத்திருந்ததே பின்னர் கைகொடுத்தது. வங்கிக் கணக்கைத் திறக்கும் சாவியே வரி செலுத்தவும், மருந்துச் சீட்டு பெறவும், வாக்களிக்கவும் பயன்பட்டபோது அட்டை அன்றாடப் பொருளாயிற்று. 2005 உள்ளாட்சித் தேர்தலில் 9,000-க்குச் சற்று மேற்பட்டோர் இணையத்தில் வாக்களித்தனர். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அவ்வழியே பதிவாயின.

இந்த அரசுப் பணிகளை ஒப்பந்த அடிப்படையில் செய்துமுடித்த உள்ளூர் நிறுவனங்கள், அந்த அனுபவத்தையே பிற நாடுகளில் விற்றன. 2000-இல் வெப்மீடியா என்ற பெயரில் தொடங்கி இன்று நோர்ட்டல் எனப்படும் நிறுவனம் இதற்குச் சான்று.

ஸ்கைப்பும் அதன் வழிவந்தோரும்

ஸ்கைப்பை 2003-இல் நிறுவியவர்கள் சுவீடனின் நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கின் யானுஸ் ஃபிரீஸ். நிரலை எழுதியவர்கள் ஆஹ்தி ஹெய்ன்லா, பிரீத் கசேசாலு, யான் தல்லின் முதலிய எஸ்தோனியர்கள். 2005-இல் ஈபே அதை 260 கோடி டாலருக்கு வாங்கியது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் கொடுத்தது. 2025 மே மாதத்தில் ஸ்கைப் மூடப்பட்டது.

நாட்டுக்குக் கிடைத்த பெரும்பேறு அந்தப் பணம் மட்டுமன்று. உலகம் முழுவதற்குமான ஒரு பொருளைத் தாலினில் இருந்தபடியே செய்ய முடியும் என்பதைக் கண்ட ஒரு தலைமுறை உருவாயிற்று. ஸ்கைப்பின் தொடக்கக்கால ஊழியர் தாவெத் ஹின்ரிகுஸ், கிறிஸ்தோ கார்மனுடன் சேர்ந்து 2011-இல் தொடங்கிய பணப் பரிமாற்ற நிறுவனமே வைஸ். 2021-இல் அது லண்டன் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஹெய்ன்லாவும் ஃபிரீஸும் 2014-இல் பொருள் விநியோக ரோபோக்களைச் செய்யும் ஸ்டார்ஷிப்பைத் தொடங்கினர். மார்க்குஸ் வில்லிக் 19 வயதில் 2013-இல் தொடங்கிய வாடகைக் கார் செயலி இன்றைய போல்ட். மறுமுதலீடு செய்யும் லாபத்துக்கு வரியில்லை என்ற 2000-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தம் இந்நிறுவனங்களுக்குத் துணைநின்றது. தாலினில் ஒரு காலத்தில் ரயில் பெட்டிகள் செய்த த்விகாதெல் ஆலையின் வளாகம், இன்று உலெமிஸ்தே நகரம் என்ற பெயரில் இத்தகைய நிறுவனங்களின் அலுவலகங்களால் நிறைந்திருக்கிறது.

சோதனைகள்

2007 ஏப்ரலில், தாலின் நகர மையத்திலிருந்த சோவியத் போர்வீரர் சிலை இடம் மாற்றப்பட்டதை அடுத்து, அரசு, வங்கி, நாளிதழ்த் தளங்கள் வாரக்கணக்கில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. மறு ஆண்டே நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் தாலினில் அமைந்தது. 2017-இல் அடையாள அட்டையின் சில்லில் குறை கண்டறியப்பட்டு, ஏறத்தாழ ஏழரை லட்சம் அட்டைகளின் சான்றிதழ்களை மாற்ற வேண்டியிருந்தது. அரசு குறையை மறைக்காமல் அறிவித்தது. மக்களின் நம்பிக்கை அதனால்தான் நிலைத்தது என்றே கொள்ள வேண்டும். அதே ஆண்டு, முக்கியத் தரவுகளின் நகலை லக்சம்பர்க்கில் தூதரகப் பாதுகாப்புடன் வைப்பதற்கு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

வளர்ச்சி வாய்ப்பு

2022 முதல் நிலைமை இறுகியது. உக்ரைன் போர் வெடித்தது, வட்டி ஏறியது, துளிர் நிறுவனங்களுக்கு வந்த முதலீடு வெகுவாகக் குறைந்தது. 2023-இல் பொருளாதாரமே சுருங்கியது. பாதுகாப்புச் செலவைத் தாங்குவதற்கு வரிகள் உயர்ந்தன. எனவே அரசின் ஒப்பந்தப் பணியை மட்டும் நம்பியிருக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கு வரும் ஆண்டுகள் எளிதானவை அல்ல. மாறாக, உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்கு மேல் செல்லவிருக்கும் பாதுகாப்பு ஒதுக்கீடு, இணையப் பாதுகாப்புக்கும் ஆளில்லா வாகனங்களுக்கும் புதிய தேவையை உண்டாக்குகிறது. அரசு மீண்டும் முதல் வாடிக்கையாளராகிறது, இம்முறை வேறொரு துறையில்.

வளர்ச்சிக்கு உண்மையான எல்லை பணமன்று, ஆட்கள். 1989 கணக்கெடுப்பில் 15.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2021-இல் 13.3 லட்சம். தகவல் தொழில்நுட்ப வல்லுநர்களுக்குக் குடியேற்ற வரம்பிலிருந்து விலக்கு, வெளிநாட்டவர் இணையவழியே இங்கு நிறுவனம் பதிய உதவும், 2014-இல் தொடங்கிய மின்வதிவுரிமைத் திட்டம், 2017-இன் துளிர் நிறுவன விசா ஆகியவை இக்குறையை ஓரளவே ஈடுசெய்கின்றன. மின்வதிவுரிமை பெற்றோர் ஒரு லட்சத்துக்கு மேல் என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் எஸ்தோனியாவில் வசிப்பவர்கள் அல்லர். நிறுவனம் பதிகிறார்கள், வரி செலுத்துகிறார்கள், தாலினில் நிரல் எழுதுவதில்லை.

இருக்கும் ஆட்களின் திறனைப் பெருக்குவதே மிஞ்சிய வழி. 2025-இல் அறிவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் பாய்ச்சல் திட்டம் 1996-இன் புலிப்பாய்ச்சலைப் பின்பற்றி எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 10, 11-ஆம் வகுப்பு மாணவர் சுமார் 20,000 பேருடனும் அவர்களின் ஆசிரியர்களுடனும் அது தொடங்கியது. அந்த மாணவர்கள் வேலைக்கு வர இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை வளர்ச்சி பெரும்பாலும் வெளிநாட்டுத் தேவையின் ஏற்ற இறக்கத்தையே சார்ந்திருக்கும்.