ஒரு மாதத் தவணை

ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏழை ஜனங்கள், காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்கு வீடுகளில் நெருங்கி வசித்த நியூயார்க் நகரத்தின் கீழைப் பகுதியில், அவர்களுடைய குழந்தைகளைக் கண்நோயும் சிரங்கும் படர்தாமரையும் விடாமல் பீடித்த காலத்தில், நகரச் சுகாதார இலாகா 1897-இல் 150 வைத்தியர்களை நியமித்து, தினந்தோறும் காலையில் ஒரு மணி நேரம் பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கச் செய்தது. வைத்தியர் நோயைக் கண்டார். குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய கடமை அத்துடன் தீர்ந்தது. அனுப்பப்பட்ட குழந்தைக்கு மருந்திடுவார் யார் என்று கேட்பாரில்லாமையால், 1902 செப்டம்பர் மாதத்தில் மட்டும் இவ்வாறு விலக்கப்பட்டவர்களின் தொகை 10,567 ஆயிற்று.

அப்பகுதியில் ஹென்றி தெரு சேவாநிலையத்தை நடத்திவந்த லில்லியன் வால்ட் அம்மையார், இந்தக் குறையை நீக்க ஒரு மாதப் பரீட்சையாகத் தம் நர்சுகளில் ஒருவரான லீனா ராஜர்ஸை நகரத்துக்கு இரவல் தந்தார். 1902 அக்டோபர் முதல் தேதியன்று வேலை தொடங்கிய அவருக்கு ஒதுக்கப்பட்டவை நான்கு பள்ளிக்கூடங்கள். குழந்தைகளோ ஏறக்குறைய 10,000 பேர். நோயை நிர்ணயிப்பது வைத்தியர் பொறுப்பு, அவர் விதித்தபடி சிகிச்சை செய்வது நர்ஸின் பொறுப்பு என்று வரம்பு கட்டியிருந்தார்கள். பேன் பற்றிய தலைக்கு மண்ணெண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் கலந்து தடவுவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, பள்ளி வேலை முடிந்தபின் மாடிப்படிகள் பல ஏறித் தாய்மார்களைக் கண்டு அதே சிகிச்சையை அவர்களுக்கும் கற்பிப்பது என அவருடைய பொழுது கழிந்தது. பரீட்சை பலித்தது, நகரம் மேலும் 12 நர்சுகளை நியமித்தது, மறு ஆண்டு செப்டம்பரில் விலக்கப்பட்டவர்கள் 1,101 பேராகக் குறைந்தார்கள்.

ஆனால், பரீட்சைக்காக ஒருவர் ஒரு மாதம் சுமந்த பாரமே பின்னர் அத்தொழிலின் நித்திய அளவாக நிலைத்துவிடும் அபாயம் இந்த வெற்றியிலேயே அடங்கியிருந்தது. கோடை விடுமுறையில் பள்ளி நர்சுகள் வேலையின்றி இருக்கிறார்கள் என்பதைக் கண்ட நகரச் சுகாதார இலாகாவின் டாக்டர் ஜோசபின் பேக்கர், 1908-இல் அவர்களில் 30 பேரைக் கீழைப் பகுதியின் ஒரு வட்டாரத்தில் புதிதாய்ப் பிறந்த சிசுக்களின் வீடுகளுக்கு அனுப்பினார். முந்தைய கோடையைவிட அவ்வட்டாரத்தில் 1,200 சிசு மரணங்கள் குறைந்தன. அந்தப் புண்ணியத்தை யாரும் குறைத்துப் பேசமுடியாது. எனினும் நர்ஸின் ஓய்வுக்காலம் பிறர் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் காலமாகவே தோன்றியது என்பதும் இச்சரித்திரத்தில் பதிந்திருக்கிறது.

வைத்தியருக்கும் நர்ஸுக்கும் இடையே முதலில் கட்டிய வரம்பு, பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வேறொரு பயனைப் பெற்றது. நாட்பட்ட நோயும் அங்கவீனமும் உள்ள குழந்தைகளுக்கும் கல்வி உரியது என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தபின், சில மணிக்கொரு முறை குழாய் வைத்துச் சிறுநீர் வெளியேற்றவேண்டிய ஒரு சிறுமியின் வழக்கு 1984-இல் விசாரணைக்கு வந்தது. வைத்தியரே செய்தாகவேண்டியதைப் பள்ளி செய்யவேண்டியதில்லை, நர்ஸ் செய்யக்கூடியதைப் பள்ளி மறுக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. சுவாசக் கருவியின் துணையால் வாழ்ந்த ஒரு மாணவனுக்கும் 1999-இல் இதே நியாயம் கிடைத்தது. நீதி குழந்தையின் பக்கம் நின்றது முற்றும் சரியே. அதை நிறைவேற்றும் கைகள் எத்தனை வேண்டும் என்பதோ பள்ளி நிர்வாகங்களின் பணப்பைக்கு விடப்பட்டது.

ஆரோக்கியமான மாணவர் 750 பேருக்கு ஒரு நர்ஸ் என்று 1970-களில் பரவிய கணக்கும் இத்தகைய குழந்தைகள் பள்ளிக்கு வந்தபின் போதாமற்போயிற்று. நீரிழிவுள்ள குழந்தை உண்ணுமுன் இன்சுலின் ஏற்றவேண்டுமாதலால், பள்ளி முழுவதும் சாப்பிட உட்காரும் வேளைதான் நர்ஸுக்கு மூச்சுவிட நேரமில்லாத வேளை. தலைகளை எண்ணுவதால் மட்டும் பயனில்லை, நோயின் தன்மையையும் குடும்பத்தின் நிலைமையையும் சேர்த்து நிறுக்கவேண்டும் என்று பள்ளி நர்சுகளின் தேசிய சங்கமே 2015-இல் அறிவித்தது. ஆகவே, உணவுக்கு அரைமணி ஓய்வும், அந்த அரைமணியில் பொறுப்பேற்க மாற்றாள் ஒருவரும், நர்ஸின் மனவுறுதியை நம்பி விட்டுவிடத் தக்க விஷயங்களல்ல. வேலையை ஒப்படைக்கும்போதே நியமிப்பவர் எழுதிக் கொடுக்கவேண்டிய நிபந்தனைகள்.