பிளஸ் பட்டனின் நான்கு கைகள்

ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நாலடி மேஜை போட்டு, இருபது வருஷமாக வீடியோ கேம் பழுது பார்க்கிறேன். சாமான் கைக்கு வந்ததும் ஸ்க்ரூவில் கை வைக்க மாட்டேன். முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பிளாஸ்டிக் எங்கே பளபளத்திருக்கிறதோ அங்கேதான் அந்த வீட்டுக் கை வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

போன தை மாதம் புரசைவாக்கத்திலிருந்து ஒரு அம்மா மஞ்சள் பையில் சாம்பல் நிற கேம் பாய் ஒன்றைக் கொண்டுவந்தார். "எங்கண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து பையனுக்கு வாங்கிட்டு வந்தது தம்பி. அவன் கல்யாணமாகிப் போயிட்டான். ராத்திரி தூக்கம் வரலைன்னா நான்தான் எடுத்து ஆடுவேன். இப்ப இடது பக்கம் அமுக்கினா கட்டை நகர மாட்டேங்குது." உள்ளே டெட்ரிஸ் கேசட் இருந்தது. கையில் வாங்கியபோதே பின்பக்கம் இரண்டு ஓரமும் கண்ணாடிபோல வழவழத்திருந்தன.

அந்தப் பெட்டியை உருவாக்கியவர் என்னைப்போல ஒரு பராமரிப்புக்காரர். 1965-ல் குன்பேய் யோகோய் கியோட்டோவில் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டு கம்பெனி. ஹனஃபுடா சீட்டு தயாரிக்கும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. இயந்திரத்தோடு பழகியவருக்கு ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அது எங்கே உறுத்தும், எங்கே முதலில் தேயும் என்று தெரிந்துவிடும். யோகோய் பிற்பாடு செய்த எல்லாவற்றிலும் அந்தக் கண்ணைத்தான் நான் பார்க்கிறேன்.

புல்லட் ரயிலில் ஒருநாள், பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்த ஒரு அலுவலகக்காரரை அவர் பார்த்தார். பெரியவர்களும் கூச்சப்படாமல் மடியில் வைத்து ஆடக்கூடிய சின்னப் பெட்டி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முதலாளி ஹிரோஷி யமவுச்சியின் டிரைவர் வராத ஒரு நாளில் யோகோயே காரை ஓட்டிப்போனார். வழியில் இதைச் சொன்னார். கால்குலேட்டர் திரை செய்த ஷார்ப் கம்பெனி கூடச் சேர்ந்தது. 1980 ஏப்ரலில் 'பால்' என்ற முதல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. இரண்டு கட்டைவிரல், அதற்கு ஆளுக்கொரு பொத்தான். மற்ற எட்டு விரலும் பெட்டியைத் தாங்கிக்கொண்டால் போதும். இன்றைக்கும் கையில் பிடித்து ஆடும் எந்தக் கருவியை எடுத்தாலும் அடிப்படை இந்தப் பிடிதான்.

1982-ல் அதே வரிசையில் 'டாங்கி காங்' வந்தது. டப்பாபோல மடியும் பெட்டி, மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. ஆள் ஏணி ஏற வேண்டும், இறங்க வேண்டும், இரு பக்கமும் நடக்க வேண்டும். கடைகளில் இருந்த பெரிய இயந்திரங்களின் குச்சியை இதில் வைத்தால் மூடவே முடியாது. யோகோய் நான்கு திசையையும் ஒரே கூட்டல் குறியாக்கினார். அதைத்தான் நாங்கள் பிளஸ் பட்டன் என்கிறோம்.

அதைப் பிரித்துப் பார்த்தால்தான் அருமை புரியும். நடுவில் அடிப்பக்கம் சின்னக் குமிழ் ஒன்று. பட்டன் அதன் மேல் சீசா பலகைபோல ஆடும். கீழே மெல்லிய ரப்பர், அதில் நான்கு கறுப்பு கார்பன் பொட்டு. ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கத்துப் பொட்டு போர்டில் ஒட்டும், எதிர்ப்பக்கம் தானாகத் தூக்கிக்கொள்ளும். இடதும் வலதும் ஒருசேர அழுந்தாது. கட்டைவிரலைத் தூக்கி வைக்கவே தேவையில்லை, வைத்த இடத்திலேயே சாய்த்தால் போதும். கண் திரையை விட்டு இறங்காது.

1989 ஏப்ரல் 21-ல் ஜப்பானில் கேம் பாய் வெளியானபோது அந்த பட்டனோடுதான் வந்தது. யோகோயும் சடோரு ஒகாடாவும் அவர்கள் குழுவும் செய்தது. 160-க்கு 144 புள்ளி, பாசிப் பச்சைத் திரை, நாலே நாலு சாயல். விளக்கு கிடையாது. நாலு பென்சில் செல் போட்டால் பத்து மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டும். எடை செல் இல்லாமல் 220 கிராம். ஏ, பி பொத்தான்கள் நேர்கோட்டில் இல்லை. வலது கட்டைவிரல் இயல்பாக எந்தச் சாய்வில் விழுமோ அந்தச் சாய்வில் இருக்கும். கீழே வலது மூலை மட்டும் நன்றாக வளைந்திருக்கும், உள்ளங்கையில் குத்தாது.

அதே வருஷம் அட்டாரியின் லிங்க்ஸ் வந்தது. வண்ணத் திரை, பின்னால் விளக்கு, இடதுகைக்காரர்கள் தலைகீழாகத் திருப்பியும் ஆடலாம். அந்தக் கடைசி ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும். என் தங்கை இடதுகைக்காரி. அடுத்த வருஷம் சேகாவின் கேம் கியர், அதுவும் வண்ணம். இரண்டுக்கும் ஆறு செல் வேண்டும், மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். படம் அழகுதான். ஆனால் செல்லின் கனம் மணிக்கட்டில் இறங்கும், செல் வாங்கும் செலவு அப்பா தலையில் விழும். பழகிய, விலை குறைந்த தொழில்நுட்பத்தை எடுத்துப் புது வேலைக்குப் பயன்படுத்து என்பது யோகோயின் கொள்கை. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன.

எங்கள் வீட்டில் கேம் பாய் வாங்க வசதியில்லை. தீவுத்திடல் பொருட்காட்சியில் அப்பா வாங்கிக் கொடுத்தது '9999 இன் 1' என்று அட்டையில் போட்ட சீன பிரிக் கேம். அதில் பிளஸ் பட்டன் இல்லை, நான்கு திசைக்கும் நான்கு தனி உருண்டைப் பொத்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். பத்து வயதில் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. பர்மா பஜாரில் ஒரு கடைக்காரர் கேம் பாயைக் கையில் கொடுத்த அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. அந்த இரண்டு நிமிஷம்தான் என்னை இந்த மேஜைக்குக் கொண்டுவந்தது.

யோகோய் 1996-ல் நின்டெண்டோவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். அவர் பங்கெடுத்த வொண்டர்ஸ்வான் என்ற கையடக்கப் பெட்டி 1999-ல் வந்தபோது ஒரே ஒரு பென்சில் செல்லில் ஓடியது. எழுந்து நின்று வணங்கலாம்போல இருக்கும் எனக்கு.

2001-ல் கேம் பாய் அட்வான்ஸ் பெட்டியை அகலவாக்கில் படுக்கவைத்தது. திரை நடுவே, கைகள் இரு பக்கம், ஆள்காட்டி விரல்களுக்கு மேலே இரண்டு பொத்தான். பிடிக்க சுகம். விளக்கு மட்டும் இல்லை, ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்து வலிக்கும். 2003-ல் அதன் எஸ்பி மாடல் வந்தது. விளக்கு, மடக்கு, சார்ஜ் எல்லாம் கிடைத்தது, ஆனால் சதுரம் சின்னதாகிவிட்டது. வளர்ந்த ஆணின் கை அதில் மடங்கித்தான் உட்காரும்.

சோனியின் பிஎஸ்பி கதை இன்னும் விசேஷம். திசை நகர்த்தும் சின்ன வட்டு, பிளஸ் பட்டனுக்குக் கீழே இருந்தது. மான்ஸ்டர் ஹன்டர் என்ற விளையாட்டில் வட்டு ஆளை நடத்தும், பிளஸ் பட்டன் பார்வையைத் திருப்பும். இரண்டும் இடது கைப் பக்கம். அதனால் ஜப்பானியப் பிள்ளைகள் கட்டைவிரலை வட்டில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல வளைத்து மேலே பிளஸ் பட்டனை அழுத்தினார்கள். அந்தப் பிடிக்கு 'மோன்ஹன் மோச்சி' என்று பெயரே வந்துவிட்டது. 2011 டிசம்பரில் அந்த விளையாட்டு நின்டெண்டோவின் 3டிஎஸ்ஸுக்கு வந்தபோது, வலது கட்டைவிரலுக்கும் ஒரு வட்டு வேண்டும் என்று தனித் தொட்டில் ஒன்றைச் சேர்த்து விற்றார்கள். கை கேட்டதைக் கருவி காலம் தாழ்த்திக் கொடுத்தது.

2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 398 கிராம். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் 669 கிராம். பின்னால் புடைத்த பிடி இருப்பதால் கனம் உள்ளங்கையில் பரவும், படுத்துக்கொண்டு ஆடினால் மட்டும் மணிக்கட்டு சொல்லிக்காட்டும்.

அந்த அம்மாவின் கேம் பாயைத் திறந்தேன். ரப்பரைத் தூக்கி விளக்கில் காட்டினேன். இடது பொட்டில் கார்பன் முழுக்கப் போய் ரப்பர் வெளுத்திருந்தது. வலது பொட்டு பாதி தேய்ந்திருந்தது, கீழ்ப் பொட்டும் அப்படியே. மேல் பொட்டு நேற்று பேக்டரியிலிருந்து வந்ததுபோல் கறுகறுவென்று இருந்தது. டெட்ரிஸில் கட்டை மேலே போகாது. முப்பது வருஷத்தில் அந்தக் கைக்கு அங்கே வேலையே வரவில்லை. போர்டை ஐபிஏ ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புது ரப்பர் போட்டு மூடினேன். பழைய ரப்பரைச் சின்னக் கவரில் போட்டு அவரிடமே கொடுத்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். திரையை என் ட்யூப்லைட் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டார். விரல்கள் பின்பக்கத்து வழவழப்பில் பார்க்காமலே போய் உட்கார்ந்தன. "புதுசு கொஞ்சம் கெட்டியா இருக்கே தம்பி" என்றார். நாலு நாள் ஆடினால் இளகிவிடும் என்றேன்.