வெளிநாட்டு வேலை மோசடி: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தற்காப்பும் சட்ட உதவியும்

வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்பதும், சொன்ன வேலையை விட்டு வேறு வேலையில் மாட்டிவிடுவதும், சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டுக் கைகழுவுவதும் வெளிநாட்டு வேலை மோசடி எனப்படும். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும். அரியலூர்ப் பக்கம் முந்திரியும் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும். மழை பொய்த்தால் வருமானம் நின்றுபோகும் இந்த நிலத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் பல குடும்பங்கள் வெளிநாட்டுச் சம்பளத்தில்தான் வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்கவைத்தன. 2015-இல் நடந்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என மதிப்பிட்டது.

பாஸ்போர்ட்டையும் முன்பணத்தையும் வாங்குபவர் பெரும்பாலும் தெரிந்த முகம்தான்: பக்கத்து ஊர்க்காரர், உறவினரின் நண்பர், முன்பு சவூதியில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவருக்கு மேலே திருச்சியில் ஓர் ஏஜென்ட், அவருக்கும் மேலே சென்னையிலோ மும்பையிலோ இன்னொருவர். பணம் கைமாறக் கைமாறத் தொகை ஏறுகிறது, பொறுப்பு கரைகிறது. நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒத்திக்கு விட்டும் திரட்டிய பணத்துக்கு, ‘தெரிந்தவரிடம் எப்படி ரசீது கேட்பது’ என்ற கூச்சத்தில் எந்தச் சான்றும் இல்லாமல் போகிறது. மோசடிக்காரருக்கு இந்தக் கூச்சத்தைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, மத்திய அரசின் பதிவுச் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு முகவராக இருந்து ஆள் சேர்க்கலாம். சப் ஏஜென்ட் என்ற ஒருவரைச் சட்டம் ஏற்பதில்லை. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், ரசீதும் தரவேண்டும். முகவரின் பெயரும் உரிம எண்ணும் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கின்றனவா, உரிமம் நடப்பில் உள்ளதா என்று எவரும் பார்க்கலாம். அரசு வழியாகவே போக விரும்புவோருக்கு 1978-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. இப்படியொரு நிறுவனம் இருப்பதே கிராமங்களில் பலருக்குத் தெரியாதது வருத்தத்துக்குரியது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ‘விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால், அந்த அனுமதியைத் தாண்டிக் குதிக்கச் சொல்கிறார் என்று பொருள். அனுமதியோடு சேர்ந்து வரும் 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் அப்போது கிடைக்காது. சிங்கப்பூர் இந்த 18 நாடுகளில் ஒன்றல்ல. அங்கே வேலை அனுமதிச் சீட்டுக்கு முன் வரும் ஐபிஏ என்ற கொள்கையளவு ஒப்புதல் கடிதம்தான் முக்கியம். நிறுவனத்தின் பெயர், அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். கடிதம் உண்மையா என்பதை அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே டிக்கெட் எடுக்கவேண்டும்.

அண்மை ஆண்டுகளில் படித்த இளைஞர்களைக் குறிவைத்து இன்னொரு வலை விரிந்திருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய், மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் இரண்டு நாட்களில் 549 இந்தியர்கள் தாய்லாந்தின் மே சாட் வழியாக விமானப்படை விமானங்களில் மீட்கப்பட்டனர்.

ஏமாந்தபின் கையில் இருக்கும் தாள்தான் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது. பல ஏஜென்ட்கள் வேலைக்காக வாங்கிய பணத்துக்குப் புரோநோட்டு எழுதித் தருவார்கள். அதில் ‘குடும்பச் செலவுக்குக் கடனாகப் பெற்றேன்’ என்று இருக்கும். நாட்டின் பெயரோ வேலையோ இராது. அந்தத் தாளோடு காவல் நிலையம் போனால், ‘இது கொடுக்கல் வாங்கல், சிவில் கோர்ட்டுக்குப் போங்க’ என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். வங்கி வழியாகவோ ஜிபே மூலமாகவோ பணம் அனுப்பி, எந்த நாட்டில் எந்த வேலைக்கு என்று எழுதி வாங்கியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்கீழ் ஏமாற்றுக் குற்றமாக முறையிட வலு கூடும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்கக்கூடாது. புகாரை மாவட்டக் குற்றப்பிரிவில் கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது பெறலாம். இணையவழியில் போன பணத்துக்கு 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும்.

வழக்கறிஞரைத் தேடும்போதும் கவனம் தேவை. இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. ஆகவே ‘விசா வழக்கு நிபுணர்’ என்று ஃப்ளெக்ஸ் வைப்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு பார் கவுன்சிலில் சரிபார்ப்பது நல்லது. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியேற்ற ஆலோசகர்களுக்கு அந்நாட்டு உரிமமே உண்டு. இங்கே ‘கன்சல்டன்சி’ என்ற பலகைக்கு அப்படி ஒரு தகுதி தேவைப்படுவதில்லை. இரு மாவட்டங்களிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், ஆள்கடத்தலுக்கு ஆளானோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு அது இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அழைப்பு எண் 15100.

வெளிநாட்டில் சிக்கியவருக்காகக் குடும்பத்தினர் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிடமும், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் முறையிடலாம். பாஸ்போர்ட் எண் இல்லாவிட்டால் தேடுவது கடினமாகும் என்பதால், கிளம்பும் முன்பே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகல்களையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஆதரவற்று நிற்பவருக்குத் தங்குமிடம், சட்ட உதவி, ஊர் திரும்ப டிக்கெட் ஆகியவற்றை இந்தியத் தூதரகங்கள் 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து வழங்குகின்றன.