வடம் பிடிக்கும் கை: வில்லியனூர்த் தேரோட்டமும் ஆட்சிமாற்றத்தின் தடமும்

இத்தாலியின் மரோஸ்திக்கா ஊரில் இரட்டைப்படை ஆண்டுகளின் செப்டம்பரில் மனிதர்களே சதுரங்கக் காய்களாக நின்று ஆடுகிறார்கள். 1454இல் ஒரு பெண்ணுக்காக இரு வீரர்கள் ஆடிய ஆட்டம் என்று அதற்குக் கதை உண்டு. ஆனால் ஆட்டம் தொடங்கியது 1923இல். கதை வந்து சேர்ந்தது 1954இல். அரேஸ்ஸோ நகரின் குதிரைவீரர் போட்டியும் 1931இல் மீட்டெடுக்கப்பட்டதே. இன்றைய ஆள் அன்றைய உடையில் அன்றைய ஆளாக நடிப்பது இவ்வகை விழாக்களின் இலக்கணம். புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீசுவரர் கோயிலின் வைகாசித் தேரோட்டமும் ஊரின் வரலாற்றைத் தெருவில் நிகழ்த்திக் காட்டுகிறது. ஆனால் இங்கே வேடம் இல்லை. பதவியில் இருப்பவரே, முன்பு அப்பதவியில் இருந்தவர் நின்ற இடத்தில் வந்து நின்று வடத்தைத் தொடுகிறார். ஆள் மாறி இடம் மாறாத இந்த ஏற்பாடுதான் வில்லியனூர் தன் வரலாற்றைச் சொல்லும் முறை என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆளுநர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கிவைப்பது பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்பது ஊரார் கூற்று. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அந்த இடத்தில் நிற்கிறார்கள். ஆள்வோருக்கும் கோயிலுக்குமான இந்த உறவு எளிதில் அமைந்ததல்ல. புதுச்சேரி நகரத்தில் வேதபுரீசுவரர் கோயில் 1748இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சியில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. அதையொட்டிய ஆண்டுகளிலேயே வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் தரப்பிலிருந்து பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தன. நகரத்துக் கோட்டையை ஆள்வது வேறு. நெல் விளையும் கிராமங்களை ஆள்வது வேறு. நிலவரியே வருவாயாகும் இடத்தில் ஆள்வோர் ஊராரின் இசைவைத் தேடியாக வேண்டும். கோயிலை இடித்த கை கோயில் வடத்தைத் தொடும் கையாக மாறியதற்கு இந்தத் தேவையே பெருங்காரணம் எனக் கருதலாம்.

அண்டை ஆட்சியோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புலப்படும். காஞ்சிபுரம் வரதராசர் கோயில் விழாக்களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் கலெக்டர் லயனல் பிளேஸ் 1790களில் முன்னின்றார். பிறகு பாதிரிமாரின் எதிர்ப்பால் கும்பினி கோயில் நிருவாகத்திலிருந்து படிப்படியாக விலகியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலகலை முழுமையாக்கியது. வில்லியனூரிலோ ஆட்சியாளரின் இடம் காலியாகவில்லை. பிரான்சில் 1905இல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிந்தன. அப்படிப்பட்ட நாட்டின் பெயரால் ஆளப்பட்ட ஊரிலும் தேருக்கு அரசின் கை தேவைப்பட்டது.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, இது சாமி விழா, வரலாற்று நிகழ்த்துதல் அல்ல என்பது. சாமி யார் தொட்டாலும் வீதிவலம் வருவார். ஆனால் யார் முதலில் தொடுவது என்பது சாமி தீர்மானிப்பதல்ல. முதல் மரியாதை, பரிவட்டம், வடம் பிடிக்கும் வரிசை ஆகியவை தமிழகக் கோயில்களில் என்றும் அதிகாரத்தின் கணக்கேடுகள். அதனால்தான் அவற்றுக்காக வழக்குமன்றம் வரை போயிருக்கிறார்கள். இரண்டாவது, இது அடிமைக்கால எச்சம் என்பது. எச்சமாக மட்டும் இருந்திருந்தால் அந்நியரோடு போயிருக்கும். பூரி ஜகந்நாதர் தேரோட்டத்தில் கஜபதி அரசர் தேர்த்தட்டைப் பெருக்குவதுபோல, ஆள்பவர் தேர்முன் பணிவது இந்நாட்டின் பழைய மரபு. பிரெஞ்சு ஆளுநர் அதை உண்டாக்கவில்லை. அதற்குள் வந்து நின்றார். 1954இல் ஆட்சி கைமாறிய பின் இந்தியக் குடியரசின் ஆட்சியாளர் அதே வரிசையில் இணைந்ததும் அதனால்தான்.

அதே வில்லியனூர் வட்டாரத்தில் கீழூர் இதற்கு எதிர்ச்சான்று. 1954 அக்டோபர் 18இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. ஆண்டுதோறும் அந்நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி, தியாகிகளுக்கு மரியாதை செய்கிறார்கள். இத்தாலியின் சியேனாவில் புகழ்பெற்ற பாலியோ குதிரைப் பந்தயம் ஓடுவதும் அதே ஆகஸ்ட் 16இல்தான். அங்கே 17 வட்டாரங்களும் தத்தம் கொடியோடு ஊர்வலம் வருகின்றன. கீழூரில் ஊராருக்குப் பார்வையாளர் இடமே கிடைத்திருக்கிறது. நாளும் நினைவும் இருந்தும், பிடிக்க ஒரு வடம் அங்கே இல்லை.

வில்லியனூரில் ஆளுநரின் கை வடத்தில் இருப்பது சில நிமிடமே. அவர் கார் புறப்பட்ட பிறகும் வடம் இறுகுகிறது, தளர்கிறது. திருப்பத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுகிறார்கள். மாடவீதிகளைக் கடந்து தேர் நிலைக்கு வந்து சேர்வது ஊராரின் தோள்வலிமையால். வடத்தின் தலைமாட்டில் ஆட்சிகளின் வரலாறு மாறி மாறி நின்றிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இழுத்தவர்கள் எல்லா ஆட்சியிலும் அந்த ஊர்க்காரர்களே.